கெட்டி அட்டை பத்து

அன்று வந்திருந்தவர்கள்: பி.பி.ஏ. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இசக்கிராசு, மைதீன்பிச்சை, சொர்ணம், தவசிக்கனி ஆக நாலு பேர். அவர்களுடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஞானசிகாமணி. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர். தவசிக்கனியின் தாய்மாமா, ஜவுளிக்கடை தவமணி. கல்லூரிப் பியூன் பால்வண்ணம். மொத்தம் எட்டுப் பேர். இவர்களோடு ஆய்வேடு ஐந்து, அட்டை பத்து. எல்லாவற்றையும் பால்வண்ணம் வாசலில் நின்று எண்ணித்தான் விட்டார். சாயங்காலம் எண்ணியபோது ஒன்று குறைந்தது.

குறைந்ததில் நஷ்டம் தவசிக்கனிக்குத்தான். அவன் மாமா கடையில் லீவு நாளெல்லாம் சேலை மூட்டை சுமக்கிறவன். அந்தக் கடையில் ஒரே ஒரு ஃபேன். அது கல்லாவுக்கு நேர் மேலே ஓடும். மூட்டையோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தவசிக்கனி கொஞ்சம் மெதுவாக நடப்பான். அதைப் பார்த்துத்தான் மாமா ஒருநாள் எல்லார் முன்னாலும் சத்தியம் செய்தார்.

"மருமகனே, சிறப்பு நிலைல பட்டம் வாங்கிட்டு வா. தவசிக்கனியக் கல்லாவுல உட்கார வைக்கேன், ஃபேனுக்குக் கீழ. வாங்கலையா, மூட்டைதான்."

ஊசிக்குளம் கலைக் கல்லூரியில் சிறப்பு நிலை வேண்டுமென்றால் ஆய்வேடு ஒன்று எழுதித் தர வேண்டும். நாலு பேர் சேர்ந்து ஒன்று எழுதலாம். அந்த வருஷம் சேர்ந்த நாலு பேர் இவர்கள். தலைவன் இசக்கிராசு. மற்றவர்கள் பத்தாம் வகுப்பை ஒரு தடவை படித்தவர்கள். அவன் மூன்று தடவை படித்தவன். ஆகவே விவரமும் மூன்று மடங்கு என்று வைத்திருந்தார்கள்.

முதல் நாள் பேராசிரியர் மதிப்பெண் கூட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தினால் கூட்டல் தப்பிவிடும். அதனால் குனிந்தபடியே சொன்னார்:

"முதல்ல தலைப்புக் கொண்டு வாங்க. தலைப்பு இல்லாம என் முன்னால வரக்கூடாது. புதுசா இருக்கணும். இதுவரைக்கும் ஒருத்தரும் தொடாததா இருக்கணும்."

வெளியே வந்ததும் மைதீன்பிச்சை கேட்டான்: "தலைப்புக்கு எங்க போக?"

"சேலை எங்க இருக்கோ அங்கதான் தலைப்பு இருக்கும்" என்றாள் சொர்ணம். "தவசி மாமா கடைல அடுக்கடுக்கா இருக்கே."

தவசிக்கனிக்குப் பெருமை தாங்கவில்லை. நாலு பேரும் கடைக்குப் போனார்கள். அடுக்கில் இருந்து சேலை சேலையாகப் பிரித்து, முந்தானையை மட்டும் விரித்துப் பார்த்தார்கள். ஒருத்தரும் தொடாததாக இருக்க வேண்டும் என்பதால் கையில் எடுக்கவில்லை, குச்சியால் எடுத்தார்கள். கடைசியில் மாம்பழ நிறத்தில், தங்கப் புள்ளி போட்ட தலைப்பு ஒன்று நாலு பேருக்கும் பிடித்துப் போனது. மாமா சாப்பிடப் போன நேரம் பார்த்து அதைக் குச்சியில் தொங்கவிட்டபடியே கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள்.

"தலைப்பு வந்தாச்சா?" என்றார் பேராசிரியர், குனிந்தபடி.

"வந்தாச்சு சார்."

"நீளமா இருக்கோ?"

"ஒண்ணரை முழம் இருக்கும் சார்."

"எல்லாருக்கும் இதே வியாதி. வெட்டுங்க. பாதியாக் குறைங்க. வேண்டாததை எல்லாம் தூக்கிப் போடுங்க."

வேண்டாதது எது என்று மரத்தடியில் யோசித்தார்கள். தலைப்புதான் வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார். அப்படியென்றால் மிச்சச் சேலை வேண்டாதது. சொர்ணம் கத்தரிக்கோல் கொண்டு வந்தாள். முக்கால் முழத் துண்டோடு திரும்பினார்கள்.

"வெட்டியாச்சு சார்."

"புள்ளி இருக்கா?"

"நிறைய இருக்கு சார்."

"தலைப்புல புள்ளி வைக்கக் கூடாதுன்னு ஒண்ணாம் வருஷமே சொன்னேனே. எடுங்க."

புள்ளி ஒவ்வொன்றையும் ஊசியால் பிரித்து எடுத்தார்கள். அதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. புள்ளி போன இடமெல்லாம் ஓட்டை. அந்தத் துண்டை மேசையில் வைத்தபோது பேராசிரியர் கூட்டலை முடித்திருந்தார். நிமிர்ந்தார். துண்டை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றி அதாலேயே நன்றாகத் துடைத்தார்.

"பரவாயில்லையே, கேக்காமலே துணி கொண்டு வந்திருக்கீங்க. எந்தக் கடை?"

"தவமணி ஜவுளிக்கடை சார்."

"சரி, அதையே வச்சுக்குவோம்" என்று அவரே ஒரு தாளில் எழுதினார்: 'தவமணி ஜவுளிக்கடை வாடிக்கையாளர்களின் மனநிறைவு: ஓர் ஆய்வு.' கண்ணாடி துடைத்த பிறகு அவர் எழுதிய முதல் வரி அது. எழுத்து நன்றாக இருந்தது.

"அடுத்தது, நூறு பேர் மாதிரி எடுக்கணும். ஆண், பெண், கிழடு, இளசு எல்லாம் கலந்து இருக்கணும். கேள்வி கேட்டு, பதிலை எழுதிட்டு வாங்க."

இந்தத் தடவை இசக்கிராசுவுக்கே கொஞ்சம் தடுமாற்றம்.

"நூறு பேர்னு சொல்லல, நூறு பேர் மாதிரின்னு சொன்னாரு. கவனிச்சியளா?"

"கவனிச்சேன்" என்றான் மைதீன்பிச்சை. "பேரு வேற, பேரு மாதிரி வேற. எங்க வாப்பா சிங்கம் மாதிரின்னு சொல்லுவாங்க. அதுக்காக அவுக சிங்கமா?"

"அப்ப நாம நூறு பேர் மாதிரி இருக்கணும்" என்றாள் சொர்ணம். "நாலு பேர் இருக்கோம். ஆளுக்கு இருபத்தஞ்சு."

மறுநாள் காலையில் கடை திறந்ததும் வேலை தொடங்கியது. மைதீன்பிச்சை கூன் போட்டு வந்து, கிழவர் மாதிரி இருமிக்கொண்டே வேட்டி கேட்டான். வெளியே போய் மீசையைத் தடவிக்கொண்டு போலீஸ்காரர் மாதிரி வந்தான். சொர்ணம் ஒரு தடவை மணப்பெண் மாதிரி வெட்கப்பட்டாள். அடுத்த தடவை மணப்பெண்ணின் மாமியார் மாதிரி வந்து, சற்று முன்னால் தான் பொறுக்கிய சேலையையே மட்டம் தட்டினாள். தவசிக்கனிக்கு வேறு ஆள் மாதிரி இருக்க வரவில்லை. இருபத்தைந்து தடவையும் மூட்டை சுமக்கிறவன் மாதிரியே வந்தான். ஒவ்வொருவர் போகும்போதும் இசக்கிராசு வாசலில் மறித்து, "திருப்தியா?" என்று கேட்டு எழுதினான். தன்னுடைய இருபத்தைந்துக்குத் தன்னையே மறித்துக்கொண்டான்.

மாமா கல்லாவில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தார். "ஏல தவசி, கடைல இன்னைக்கு இவ்வளவு கூட்டமா இருக்கு, ஒரு சேலை கூட நகரலையே?" என்று மட்டும் கேட்டார்.

நூறு முடிகிற நேரத்தில் நிஜமாகவே ஓர் அம்மா படியேறி வந்தார். இசக்கிராசுவின் கையில் இருந்த தாளைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கருத்துக் கேக்கியளோ? என்கிட்டயும் கேளு. இந்தக் கடையப் பத்தி எனக்கு நிறையச் சொல்ல இருக்கு" என்றார்.

"நீங்க யார் மாதிரி?"

"யார் மாதிரியும் இல்ல. நான் நான்தான்."

"அப்ப செல்லாதும்மா. எங்களுக்கு மாதிரிதான் வேணும். நிஜம் வேண்டாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டான்.

நூறு பேருக்கும் முழுத் திருப்தி என்று முடிவு வந்தது. பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, முப்பது வருஷத்தில் இவ்வளவு ஒற்றுமையான வாடிக்கையாளர்களைப் பார்த்ததில்லை என்று வியந்தார். கடைசியாக ஒரு கட்டளை போட்டார்.

"அஞ்சு பிரதி. எல்லாத்துக்கும் கெட்டி அட்டை போடணும். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. கறுப்பு அட்டைதான் இருக்கணும். முன் அட்டைல தங்க நிறத்துல உங்க பேர். பின் அட்டைல ஒண்ணும் எழுத வேண்டாம். ஞாபகம் வச்சுக்கோங்க, அட்டைல யார் பேர் இருக்கோ அவங்களுக்குத்தான் சிறப்பு நிலை."

தவசிக்கனி ஒரு சந்தேகம் கேட்டான்: "நோட்டுக்குப் போடுத அட்டையா இருக்குமோ?"

"அது வெறும் காகித அட்டை" என்றான் இசக்கிராசு. "சார் கெட்டி அட்டைன்னாரு. கறுப்புன்னாரு. ஊசிக்குளத்துல மாடு குளிப்பாட்டப் போறவன் கால்ல ஒட்டிக்கிட்டு வருதே, அதை விடக் கெட்டி எது? பிய்ச்சாலும் வராது."

அன்றைக்கே குளத்துக்குப் போனார்கள். நாலு பேரும் முழங்கால் தண்ணீரில் போய் நின்றார்கள். ரத்தம் குடித்துக் கெட்டியாக வேண்டுமே என்று பொறுமையாக நின்றார்கள். தவசிக்கனியின் காலில்தான் முதலில் ஏறியது. பத்துச் சேர்ந்ததும் கரைக்கு வந்தார்கள்.

பிள்ளையார் சிலைக்கு அடித்து மிச்சமிருந்த தங்கப் பெயிண்டை மைதீன்பிச்சை வாங்கி வந்தான். ஓர் அட்டையில் ஒரு பெயர்தான் பிடித்தது. ஐந்து முன் அட்டைக்கு ஐந்து பெயர்: மாணவர் நாலு, வழிகாட்டி ஒன்று. பேராசிரியரின் அட்டை நீளும்போது 'ஞானசிகாமணி' என்று தெரிந்தது. சுருங்கும்போது 'ஞாணி' என்று நின்றது. இருப்பதிலேயே கொழுத்த அட்டையைத் தேடிப் பிடித்துத் தன் பெயரை எழுதச் சொன்னான் தவசிக்கனி. சொர்ணம் பூக்கட்டுகிறவள். ஐந்து பிரதியிலும் முன்னும் பின்னும் அட்டைகளை வைத்து, வாழைநாரால் பதமாகக் கட்டினாள். காய்ந்து போகாமல் இருக்க ஈரத்துணியில் சுற்றினார்கள்.

இப்படியாகத்தான் அந்த நாள் வந்தது.

வெளித்தேர்வாளர் வருகிறார் என்றதும் இசக்கிராசு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டான். "உள்ள வந்தா அவரு உள்தேர்வாளர் ஆயிருவாரு" என்று பால்வண்ணத்துக்கு விளக்கினான். தேர்வாளர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பால்வண்ணம் சட்டப்படி நடக்கிறவர், விடவில்லை. மருமகன் பட்டம் வாங்குவதைப் பார்க்க வந்த மாமா தவமணியும் கல்லூரிக்கு வெளியாள் என்பதால் அவருக்கும் பக்கத்திலேயே ஒரு ஸ்டூல். பேராசிரியரும் மாணவர்களும் உள்ளே. நடுவில் ஜன்னல்.

ஐந்து ஆய்வேட்டையும் தேர்வாளர் மடியில் வைத்தார்கள். அவர் ஈரத்துணியை உதறிப் பிரித்தார். வாழைநார் நழுவியது. அதைக் கவனிக்காமல் முதல் கேள்வியைக் கேட்டார்.

"நூறு பேரும் திருப்தின்னு போட்டிருக்கீங்க. நம்பலாமா?"

"நம்பலாம் சார்" என்றான் மைதீன்பிச்சை ஜன்னலில் முகம் வைத்து. "நான் மட்டும் இருபத்தஞ்சு பேர். எனக்குத் திருப்தி."

தேர்வாளர் ஜன்னலில் இருந்த ஒரே முகத்தைப் பார்த்தார். பிறகு ஆய்வேட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"ஆமா, இதுக்கு அட்டை எங்க?"

"போட்டிருந்தோம் சார். இப்ப எங்க போச்சுன்னு... சார், உங்க கெண்டைக்கால்ல சொர்ணம் இருக்கா."

அவர் குனிந்து பார்த்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. மாமாவும் ஸ்டூலோடு விழுந்தார். வேப்பமரத்தைச் சுற்றி இரண்டு பேரும் ஓட, பின்னாலேயே, "அசையாதீங்க சார், பேர் அழிஞ்சிரும்!" என்று நாலு மாணவர்களும் ஓடினார்கள்.

"எடுங்கய்யா! எடுத்துத் தொலைங்க!"

"சிறப்பு நிலை உண்டா சார்?" என்றான் இசக்கிராசு.

"அட்டைல யார் பேர் இருக்கோ அத்தனை பேருக்கும் உண்டு! கொண்டா, கையெழுத்துப் போடுதேன்!"

பெயரைப் படித்துப் படித்து எடுத்தார்கள். முழங்காலில் இசக்கிராசு. முதுகில் மைதீன்பிச்சை. முழங்கையில் ஞாணி. பெயரில்லாத பின் அட்டைகள் ஐந்தும் செருப்புக்குள் இருந்தன. சொர்ணத்தோடு ஒன்பது. தேர்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டு, வந்த வேகத்தைவிட வேகமாகப் போனார். மாமாவும் கடைக்கு ஓடினார்.

பால்வண்ணம் மறுபடியும் எண்ணினார். ஒன்பதுதான். தவசிக்கனி இல்லை.

"சார், என் பேரு..." என்றான் தவசிக்கனி. 

"அட்டை வந்தா பட்டம்" என்றார் பேராசிரியர். கண்ணாடியை அந்த ஓட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டு, பட்டியலில் நாலாவது இடத்தைக் காலியாக விட்டார்.

தவசிக்கனி வேப்பமரத்தடியைத் தடவித் தேடினான். குளத்தில் போய், "தவசிக்கனி, ஏல தவசிக்கனி" என்று கூப்பிட்டுப் பார்த்தான். இருட்டுகிற நேரத்தில், மூட்டைதான் கதி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைப் படி ஏறினான். மற்ற மூவரும் துக்கத்துக்கு வருகிறவர்கள் போலப் பின்னால் வந்தார்கள்.

மாமா கல்லாவில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். "பட்டம் என்னாச்சு மருமகனே?" என்றார்.

தவசிக்கனி மாமாவை நிமிர்ந்து பார்த்தான். மாமாவின் காதுக்குப் பின்னால் ஏதோ மின்னியது.

"மாமா, அசையாதீங்க. உங்க காதுக்குப் பின்னால என் பட்டம் இருக்கு."

சொர்ணம் பதமாக எடுத்துக் கல்லாப் பலகையில் வைத்தாள். மாமா ரத்தம் அது; நன்றாகக் கொழுத்திருந்தது. தங்க எழுத்தில் ஒன்றும் அழியவில்லை. பால்வண்ணத்தைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். "பத்து" என்று அவர் சொல்லி, பேராசிரியரிடம் போய்க் காலி இடத்தை நிரப்பிவிட்டு வந்தார்.

"மாமா, சத்தியம்" என்றான் தவசிக்கனி.

மாமா எழுந்தார். தவசிக்கனி உட்காரப் போனான். அப்போது இசக்கிராசு கையை நீட்டித் தடுத்தான்.

"பொறு. மாமா என்ன சொன்னாரு? தவசிக்கனியக் கல்லாவுல உட்கார வைக்கேன்னாரு. தவசிக்கனி ஏற்கெனவே உட்கார்ந்தாச்சே."

நாலு பேரும் பலகையைப் பார்த்தார்கள்.

"நானும் தவசிக்கனிதானே?" என்றான் தவசிக்கனி.

"உன் மேல எழுதியிருக்கா?"

தவசிக்கனி கையைத் திருப்பிப் பார்த்தான். சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தான். முதுகை மைதீன்பிச்சை பார்த்துச் சொன்னான். எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"இல்லதான்" என்று ஒப்புக்கொண்டான். மாமா உடனே சம்மதித்தார்.

இப்போதும் தவமணி ஜவுளிக்கடைக்குப் போனால் பார்க்கலாம். கல்லா நாற்காலியில், கண்ணாடி பாட்டிலில், முதலாளி இருக்கிறார். தவசிக்கனி மூட்டையோடு அந்தப் பக்கம் போகும்போது கொஞ்சம் நின்று, "காத்து நல்லா வருதா?" என்று கேட்டுவிட்டுப் போகிறான். படித்தவன், பட்டம் வாங்கியவன். அவன் பெயர் ஃபேனுக்குக் கீழே இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

பத்து அட்டையில் ஒன்பதைப் பால்வண்ணம் எண்ணிக் குளத்தில் விட்டார். மீதி ஒன்று.