முப்பத்தெட்டு பேரில் யாரை?

"ஒருத்தரைக்கூட கூப்பிடலை மேடம்," என்றார் பேராசிரியர் ஆவுடையப்பன். "முப்பத்தெட்டு பேர். ஒருத்தரைக்கூட."

வேலைவாய்ப்பு மையத்தின் அலுவலர் ரெஜினா எதிர் நாற்காலியைக் காட்டினார்.

பேராசிரியர் உட்காரவில்லை.

ஆவுடையப்பன் தாவரவியல் துறையின் தலைவர். ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. ரெஜினா கல்லூரியில் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. வயதில் பேராசிரியரின் மூத்த மகளைவிட இளையவர். வேலைவாய்ப்பு மையம் இருந்த மூன்றாம் மாடிக்குப் பேராசிரியர் அதுவரை ஏறியதே இல்லை. அன்று ஏறும்போது படிக்கட்டில் எதிர்ப்பட்ட இயற்பியல் ஆசிரியர், "என்ன சார், ரிட்டயர்மென்டுக்கு அப்புறம் பார்க்கிற வேலைக்கு இப்பவே பேர் பதியப் போறீங்களா?" என்று சிரித்தார். எப்போதும் உடனுக்குடன் திருப்பிக் கொடுக்கும் பேராசிரியர் அன்று தலையைக் குனிந்தபடி மேலே ஏறினார்.

அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது. நான்காக மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்து, அதன் மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்தன.

விதை நிறுவனம் ஒன்றிலிருந்து வந்த கடிதம். மாணவர்களின் பயோடேட்டா முப்பத்தெட்டையும் திருப்பி அனுப்பி, ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்கள். இவர்களில் நாங்கள் யாரைப் பார்க்க வேண்டும் என்பதை இருபதாம் தேதி மாலை நான்கு மணிக்குள் தெரிவிக்கவும். இன்று இருபதாம் தேதி.

"போன வருஷம் யாருக்கும் கிடைக்கலை. அதுக்கு முந்தின வருஷமும் கிடைக்கலை. இந்த வருஷமும் இல்லைன்னா ஜூன்ல தாவரவியலுக்கு அட்மிஷன் கிடையாதுன்னு பிரின்சிபால் சொல்லிட்டார். துறையையே மூடிடுவாங்க மேடம்."

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் பேசாம இருக்கீங்களே. வேலை வாங்கிக் கொடுக்கிறது உங்க ஆபீஸ் பொறுப்புதானே?"

"ஆமா சார்."

ரெஜினா திரும்பி வந்த கட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதையெல்லாம் எழுதினது யாரு சார்?"

"நான்தான்." அறைக்குள் வந்ததிலிருந்து முதல் முறையாக அவர் குரலில் தெம்பு வந்தது. "பிள்ளைங்க கையில விட்டா இங்கிலீஷைக் கொன்னுடுவாங்க. ரெண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முப்பத்தெட்டையும் நானே எழுதினேன். ஒரு கமா பிசகியிருந்தா காட்டுங்க, பார்ப்போம்."

"பார்த்தேன் சார். ஒண்ணுகூட பிசகலை."

ரெஜினா ஒரு தாளை உருவினார். பெயரும் படமும் இருந்த மேற்பகுதியைப் பின்னால் மடித்து, பேராசிரியரின் முன் நீட்டினார்.

"இது யாரு சார்?"

பேராசிரியர் படித்தார். கடின உழைப்பாளி. எதையும் விரைவில் கற்றுக்கொள்வார். குழுவோடு இணைந்து பணியாற்றுவார். தாவரங்களின் மீது தீராத ஆர்வம் கொண்டவர்.

"தங்கமாரி," என்றார்.

ரெஜினா மடிப்பைப் பிரித்தார். பேச்சியம்மாள்.

இன்னொரு தாள்.

"அப்ப இதுதான் தங்கமாரி."

அபூபக்கர்.

ரெஜினா சிரிக்கவில்லை. மூன்றாவது தாளை நீட்டினார். பேராசிரியர் அதை வாங்கவில்லை.

"மூணு வருஷமா இவங்களுக்குப் பாடம் எடுக்கிறேன். என் பிள்ளைங்களை எனக்கே தெரியாதுங்கிறீங்களா?"

"உங்களுக்குத் தெரியும் சார். எனக்குத்தான் தெரியாது. என்கிட்ட ஒவ்வொருத்தரும் வந்து உட்கார்ந்தது பத்து நிமிஷம். பத்து நிமிஷமும் 'யெஸ் மேடம்' தவிர வேற பேச்சு இல்லை."

சொல்லிவிட்டு எழுந்து சுவரலமாரியைத் திறந்தார். உள்ளே தாவரவியல் மாணவர்களின் ரெக்கார்ட் நோட்டுகள் அடுக்கியிருந்தன. காலையில் ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்தார். ஒவ்வொரு நோட்டின் பெயர்ச்சீட்டின் மேலும் வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்திருந்தார்.

முதல் நோட்டைப் பேராசிரியர் திறந்தார். உலர்த்தி ஒட்டிய தும்பைச் செடி.

"பேச்சியம்மாள்," என்றார், யோசிக்காமலே.

"எப்படி சார்?"

"இலையோட அடிப்பக்கம் தெரியிற மாதிரி ஒட்டியிருக்கா பாருங்க. மேல்பக்கத்தைத்தான் எல்லாரும் பார்க்கிறாங்களேன்னு சொல்வா. நரம்பு, முடி, பூச்சி அரிச்ச இடம், ஒண்ணு விடமாட்டா."

ரெஜினா பேச்சியம்மாளின் பயோடேட்டாவை அவர் பக்கம் நகர்த்தினார். அடியில் இரண்டு விரற்கடை இடம் காலியாக இருந்தது.

"அதை இங்கே எழுதுங்க சார்."

"இதையா? இதெல்லாம் பயோடேட்டாவுல எழுதுற விஷயமா மேடம்?"

ரெஜினா பேனாவின் மூடியைக் கழற்றி அவரிடம் கொடுத்தார்.

கடிகாரம் பதினொன்றரையைக் காட்டியது. வேறு வழி தெரியாததால் பேராசிரியர் உட்கார்ந்தார், எழுதினார்.

அடுத்தது அபூபக்கர். அவன் பிடுங்கிய செடி எதிலும் வேர் அறுந்ததில்லை. முந்தின நாளே போய் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவான். அதற்கடுத்தது தங்கமாரி. ஒரே செடிக்கு நான்கு ஊர்க்காரர்கள் சொல்லும் நான்கு பெயர்களையும், சொன்னவர் யார் என்பதோடு குறித்து வைத்திருந்தாள். சித்திரைவேலுக்குப் படம் வரையவே வராது. ஆனால் தவறான படத்தைக் கிழிக்காமல், எங்கே தவறினேன் என்று அதன் கீழேயே எழுதுவான்.

"இவனை நான் எத்தனை தடவை திட்டியிருக்கேன் தெரியுமா, பக்கத்தைக் கிழிச்சிட்டு ஒழுங்கா வரைடான்னு," என்றார் பேராசிரியர். எழுதிக்கொண்டிருந்த கை சற்று நின்றது. பிறகு அதையும் எழுதினார்.

கேன்டீனிலிருந்து வந்த காபி ஆடை படிந்து ஆறிப்போனது. மதிய உணவு மணி அடித்தது, அவர் எழுந்திருக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்ப்பதை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை.

மூன்று மணி தாண்டியபோது ஒரு நோட்டுதான் மிச்சமிருந்தது.

திறந்தார். அடுத்த பக்கம் போனார். அதற்கடுத்த பக்கமும் போனார். எல்லாம் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் சிவப்பு மையில் 'நன்று' என்று எழுதி, தேதியிட்டு, அவரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"யாரு சார்?"

 பேராசிரியர் மேசையில் எஞ்சியிருந்த ஒரே தாளை எடுத்துப் பெயரைப் பார்த்தார். பூரணவல்லி. படத்தில் இருந்த முகம் வகுப்பில் எந்த வரிசையில் உட்காரும் என்று நினைத்துப் பார்த்தார். குரலை நினைத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. மூன்று வருடம்.

"முப்பத்தேழு பேருக்கு எழுதினது போதும் மேடம்," என்றார்.  "இதுல நன்றுன்னு ஒரு வரி போட்டு அனுப்பிடலாம். நேரமில்லை."

ரெஜினா கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாற்பது நிமிஷம் இருக்கு சார்," என்றார். "உங்க லேப் கீழ்மாடியிலதான் இருக்கு."

பேராசிரியர் நோட்டையும் தாளையும் எடுத்துக்கொண்டு படி இறங்கினார். இறங்கும்போதே பக்கங்களைப் புரட்டினார். படிக்கட்டு ஜன்னலின் வெளிச்சத்தில், ஒரு பக்கத்தின் அடியில், பென்சிலால் எழுதிய பொடி எண்கள் தெரிந்தன. பக்க எண் என்று நினைத்தார். ஆனால் ஒரே பக்கத்தில் இரண்டு எண்கள் இருந்தன.

ஆய்வகத்தில் செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. துறைத் தலைவரைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது.

"பூரணவல்லி யாரும்மா?"

கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், கடைசி பெஞ்சில், ஒரு பெண் எழுந்தாள். "செத்தா," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

பேராசிரியர் அவளிடம் போய் நோட்டை விரித்து வைத்தார்.

"இந்த நம்பர் எல்லாம் என்ன?"

அவள் முகம் வெளிறியது.

"சும்மா எழுதினது சார்."

"சும்மான்னா?"

"அந்தச் செடியோட விதையை வீட்டுல ஈரத்துணியில போட்டுப் பார்ப்பேன் சார். அம்பது விதை போட்டா எத்தனை முளைக்குதுன்னு."

"யாரு செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லலை சார்."

அவர் ஆவாரையின் பக்கத்தைக் காட்டினார். 6, 39 என்று இருந்தது.

"இதுல ஏன் ரெண்டு?"

"முதல் தடவை ஆறுதான் முளைச்சுது சார். தோல் கெட்டி. சுடுதண்ணியில ஊறப்போட்டு மறுபடியும் வச்சேன். முப்பத்தொன்பது வந்துச்சு."

பேராசிரியர் குனிந்து அந்த இரண்டு எண்களையும் மறுபடியும் பார்த்தார். அதை அவள் வேறுவிதமாக எடுத்துக்கொண்டாள்.

"பென்சில்தான் சார்," என்றாள் அவசரமாக, பையில் ரப்பரைத் தேடியபடி. "எல்லாத்தையும் இப்பவே அழிச்சிடறேன்."

அவர் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே போனார். கீழாநெல்லியில் எண் தெரிந்தது. குப்பைமேனியில் தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த பக்கங்கள் பலவற்றில் எண்களைப் படிக்க முடியவில்லை. அவற்றின் மேல் சிவப்பு மையில் அவருடைய கையெழுத்து இருந்தது.

"இந்த எண்ணெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்காம்மா?"

ரப்பரைப் பிடித்திருந்த கை நின்றது.

"இருக்கு சார்."

ஆவுடையப்பன் பேனாவைத் திறந்துகொண்டு அவளுக்குப் பக்கத்தில், மாணவர்களின் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சொல்லு," என்றார்.