யானை தும்மும், டீச்சர்

"சாமி, எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க புத்தகத்தைக் கண்டாலே பேயைக் கண்ட மாதிரி ஓடுதுங்க. படிக்க வைக்க ஒரு வழி சொல்லுங்க."

முறையிட்டவர் ஜெயக்கொடி டீச்சர். சின்ன ஊர் ஒன்றில் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை. இந்த வருஷத்தோடு ஓய்வு.

கேட்டுக்கொண்டிருந்தவர் மடத்துச் சாமி. வயதில் டீச்சரைவிட இளையவர். உபதேசம் என்று வந்தவர்களுக்கெல்லாம் முதலில் சோறு போடுகிறவர். சோறு போட்டபிறகும் உபதேசம் வருமா என்றால், அது அன்றன்றைக்கு உள்ள யோகம்.

"என்னென்ன செஞ்சு பார்த்தீங்க?" என்றார், குழம்பைக் கிண்டியபடியே.

"என்ன செய்யலைன்னு கேளுங்க! ஊர் ஊரா அலைஞ்சு கதைப் புத்தகமாச் சேர்த்தேன். வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஒண்ணு கொடுத்து விடுறேன். திங்கட்கிழமை பிரேயர்ல மைக் முன்னாடி வந்து கதையைச் சுருக்கமாச் சொல்லணும். நீதியையும் சொல்லணும். சொன்னா எல்லாரும் கைதட்டுவோம்."

"சொல்லலைன்னா?"

"பிரேயர் முடியற வரைக்கும் அங்கேயே நிக்கணும். அவ்வளவுதான். இந்தக் கை ஒரு பிள்ளையையும் அடிச்சதில்லை, சாமி."

அது சத்தியமான வார்த்தை. பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்த மனுஷி.

"எல்லாரையும் விடுங்க. முத்துப்பேச்சின்னு ஒரு பிள்ளை. மூணாம் வகுப்புல இருந்தப்போ, மாடிப்படிக்குக் கீழ தனியா உட்கார்ந்து படிச்சுப் படிச்சுச் சிரிக்கும். இப்ப அஞ்சாம் வகுப்பு. புத்தகத்தை வாங்கிட்டுப் போகுது, மடிப்புக் கலையாமத் திரும்பி வருது. நீதியைக் கேட்டா மட்டும் கிளிப்பிள்ளையாட்டம் ஒப்பிக்குது. அவ பழையபடி ஒரு புத்தகம் படிச்சுச் சிரிக்கிறதைப் பார்த்துட்டேன்னா நிம்மதியா வீட்டுக்குப் போயிருவேன்."



சாப்பாட்டு நேரம். வந்திருந்த மற்றவர்களோடு பந்தியில் டீச்சருக்கும் சாமி இலையைப் போட்டார்.

"பசிக்குதா?"

"காலையில கிளம்பினது. கொலைப்பசி."

ஆவி பறக்கும் சோறு. சுண்டைக்காய் வத்தக்குழம்பு. பூசணிக்காய்க் கூட்டு. சுட்ட அப்பளம்.

டீச்சர் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார். கண் தானாக மூடிக்கொண்டது.

"அடடா! அடடடா!"

"இப்ப சாப்பிட்டதைச் சுருக்கமாச் சொல்லுங்க" என்றார் சாமி.

டீச்சர் சிரித்தார். சாமி சிரிக்கவில்லை.

"வத்தக்குழம்பு சாமி. ரொம்ப நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா ஆச்சா? என்னென்ன போட்டிருக்கு? வரிசையாச் சொல்லுங்க."

"புளி... மல்லி, மிளகாய்... வெந்தயம்..."

"ம், சாப்பிடுங்க."

இரண்டாவது கவளம் உதட்டுக்குப் போகும் முன்பே அடுத்த கேள்வி வந்தது.

"நல்லெண்ணெயால உடம்புக்கு என்ன நன்மை?"

"சூட்டைத் தணிக்கும்."

"சாப்பிடுங்க."

அப்பளத்தை நொறுக்கப் போனார்.

"இந்தக் கூட்டு நமக்கு உணர்த்துறது என்ன?"

"கூட்டா? கூட்டு என்னத்தை உணர்த்தும்? சாமி, மனுஷியை நிம்மதியாச் சாப்பிட விடுங்களேன்!"

"தெரியலை. அப்ப எழுந்து நில்லுங்க."

மடத்தில் சாமி சொல்லுக்கு மறுசொல் கிடையாது. டீச்சர் எழுந்து நின்றார். எச்சில் கை. கீழே இலை. மற்ற பந்திக்காரர்கள் எல்லாரும் சாப்பிடுவதை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள்.

அவமானமாக இருந்தது. அழுகை முட்டியது. ஒரு கூட்டுக்காக இந்த வயதில் இப்படி நிற்கும்படி ஆகிவிட்டதே!

அப்போதுதான் டீச்சருக்கு ஒரு திங்கட்கிழமை ஞாபகம் வந்தது.

மைக் முன்னால் மூணாம் வகுப்பு முத்துப்பேச்சி. சொல்ல ஆரம்பிக்கும் முன்பே அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"யானைக்குச் சளி பிடிச்சிருச்சு டீச்சர்! அது ஒரே ஒரு தும்மல்தான் தும்முச்சு! காக்காக் கூடு பறந்து போய்க் குளத்துல தொபுக்கடீர்னு விழுந்துருச்சு!"

பள்ளிக்கூடமே விழுந்து விழுந்து சிரித்தது.

"போதும், போதும். நீதி என்ன?" என்றார் டீச்சர்.

பிள்ளை விழித்தாள். யோசித்தாள். மெல்லச் சொன்னாள்:

"யானை தும்மும், டீச்சர்."

"கடைசிப் பக்கத்துல கொட்டை எழுத்துல போட்டிருக்குல்ல? உடல்நலம் பேணுக. அதைப் படிக்காம என்ன படிச்சே? நில்லு அங்கேயே."

அவள் நின்றாள். அடுத்த திங்கட்கிழமை நீதியைப் பிசகாமல் சொன்னாள். டீச்சர்தான் முதலில் கைதட்டினார்.

"உட்காருங்க டீச்சர்" என்றார் சாமி.

உட்கார்ந்தார். சோற்றில் கை வைக்க முடியவில்லை.

"ஆறிப்போச்சு. வேற சூடாப் போடட்டுமா?"

"பசியே போயிருச்சு, சாமி."

சாமி சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"போன பசி எப்பத் திரும்பும்னு எனக்கும் தெரியாது, தாயி."

டீச்சர் ஊருக்குத் திரும்பினார். மறுநாளே கோந்தும் வெள்ளைத்தாளும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் நீதி இருந்த இடத்தில் ஒட்டினார். திங்கட்கிழமை ஒப்பிக்கிற வேலை இனிக் கிடையாது என்று பிரேயரில் அறிவித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எதற்கும் கைதட்டப் பழகின பிள்ளைகள்.

பிறகு முத்துப்பேச்சியைக் கூப்பிட்டார். புத்தம்புதிதாக வந்த ஒரு புத்தகம், வேறு யார் கையும் படாதது. குரங்கு முடிவெட்டிக்கொள்ளப் போன கதை.

"இந்தா கண்ணு. இது உனக்கு."

முத்துப்பேச்சி வாங்கினாள். நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். அங்கே வெள்ளைத்தாள். அவள் முகம் வெளிறிவிட்டது.

"டீச்சர், நீதியைக் காணோம்."

"இல்லை கண்ணு. வேண்டாம்னு நான்தான் ஒட்டிட்டேன்."

"அப்ப நான் என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மா படி."

பிள்ளை நகரவில்லை. நம்பவில்லை என்பது நிற்கிற நிலையிலேயே தெரிந்தது. என்ன சொன்னால் போகச் சொல்வார்கள் என்று டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் பேசாமல் இருந்திருக்கலாம். வாழ்நாளெல்லாம் கேள்வி கேட்டே பழகின வாய், கட்டினால் நிற்குமா?

"படிச்சா உனக்குச் சிரிப்பு வரும், பாரேன். சிரிப்பு வந்துச்சான்னு மட்டும் எங்கிட்டச் சொல்லு. அது போதும்."

முத்துப்பேச்சியின் முகத்தில் நிம்மதி வந்தது.

புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். மைக் முன்னால் நிற்பதுபோல் கையைக் கட்டி, நிமிர்ந்து நின்றாள்.

"நல்லா சிரிப்பு வந்துச்சு, டீச்சர்."