வட்டத்தாங்கலில் ஒரு மனை

பனங்காட்டை ஒட்டிய மேட்டில் ஏகாம்பரம் என்ற பெருச்சாளிக்கு ஒரு வளை இருந்தது. வளைக்குள் மனைவி அலமேலு, மகள் பொற்கொடி, மழைக்காலத்துக்குச் சேர்த்து வைத்த ஒரு மூட்டை நெல். இந்த மூன்றில் ஏகாம்பரத்துக்கு நிம்மதி தந்தது நெல் மட்டும்தான். அலமேலு குறட்டை விடும். பொற்கொடி வரலாறு படித்திருந்தது.

ஆலமரத்துக் கல்லூரியில் எத்தனையோ படிப்பு உண்டு. பக்கத்து வளை முயல் மாசிலாமணியின் மகன் சிலந்திகளிடம் சேர்ந்து வலைப் படிப்பு படித்தது. முடித்த மறுநாளே வேலை! வாரம் தவறாமல் வீட்டுக்கு முள்ளங்கி வந்தது. பொற்கொடி மட்டும், “இந்தக் காடு எப்படிக் காடாச்சுன்னு தெரிஞ்சுக்கணும்ப்பா!” என்று ஆமைகளிடம் போய்ச் சேர்ந்தது. பட்டம் வாங்கியது. வளைக்குத் திரும்பியது. அப்புறம் வளையிலேயே இருந்தது.

“வரலாறு படிச்சா சோறு வருமா?” என்று ஏகாம்பரம் தினமும் கேட்கும்.

“வரும்ப்பா!”

“எப்ப வரும்?”

பொற்கொடிக்கு அது தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு நெல்லைக் கொறிக்கும். கொறிக்கவே வெட்கமாக இருக்கும், பாவம்.

அந்த நேரம் பார்த்து நவநீதம் என்ற நரி வந்து சேர்ந்தது. எலி, முயல் பிடிப்பதை விட்டுவிட்டு அது நிலம் விற்க ஆரம்பித்திருந்தது. அதில்தான் வரும்படி அதிகம்.

“வட்டத்தாங்கல் மனைங்க! நல்ல சமதரை! பேரைப் பாருங்க, தாங்கல்! நம்மைத் தாங்குற மண்ணு! உங்க பேரப்பிள்ளைங்க வரைக்கும் தாங்கும்!” என்று காடெல்லாம் கூவியது.

மாசிலாமணி, மகன் அனுப்பிய முள்ளங்கியை எல்லாம் கொட்டி ஒரு மனை வாங்கியது. ஏகாம்பரத்துக்கு வயிறு எரிந்தது. “நம்ம பொண்ணுக்கு வேலைதான் இல்ல. ஒரு மனையாவது இருக்கட்டும்!” என்றது. நரி கேட்ட விலை, இருந்த நெல் முழுவதும்.

“மழைக்காலத்துல மனையையா திங்கிறது?” என்று கேட்டது அலமேலு.

“எல்லாம் எனக்குத் தெரியும், நீ சும்மா இரு!”

மறுநாள் காலை மூன்றும் நெல் மூட்டையை இழுத்துக்கொண்டு வட்டத்தாங்கலுக்குப் போயின. நரி ஒரு பெரிய கல்லின் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. பொற்கொடி அந்தக் கல்லையே பார்த்தது. கல்லில் வட்டமாக ஒரு துளை. அப்புறம் தரையைக் கொஞ்சம் பறித்துப் பார்த்தது. நத்தை ஓடு! இன்னும் பறித்தது. இன்னும் நத்தை ஓடு!

“அப்பா, நெல்லைக் குடுக்காதீங்க! தாங்கல்னா நம்மைத் தாங்குறது இல்ல, தண்ணியைத் தாங்குறது! ஏரிக்கு அது பழைய பேரு. இவர் உட்கார்ந்திருக்கறது மதகுக் கல்லு! அந்தத் துளை வழியாத்தான் வயலுக்குத் தண்ணி விட்டிருக்காங்க!”

நரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. “ஏரியா? எங்கம்மா தண்ணி? எனக்குத் தெரிஞ்சு இங்க ஒரு சொட்டு நின்னதில்ல!”

“உங்களுக்குத் தெரிஞ்சது நாலு மழை. வரலாறுன்னா வந்த வழி. தண்ணி வந்த வழியை மறக்காது!”

வெளியாள் முன்னால் மகள் இப்படிப் பேசியது ஏகாம்பரத்துக்கு அவமானமாகப் போய்விட்டது. “உன் படிப்பை வளையோட வெச்சுக்க!” என்று சீறிவிட்டு மூட்டையை நரியிடம் தள்ளியது. நரி மூட்டையில் கை வைத்தது. அத்தோடு அது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே!

“நல்லா சொன்னீங்க! வரலாறு படிச்ச தண்டச்சோறு, மனையைப் பத்திப் பேச வந்துடுச்சு!” என்றது நரி.

ஏகாம்பரத்தின் மீசை விறைத்தது. தினமும் தானே சொல்கிற பேச்சுதான். பிறத்தியார் வாயில் கேட்டதும் சுருக்கென்று தைத்தது.

“யாரைத் தண்டச்சோறுங்கிற? என் பொண்ணை நான் திட்டுவேன். நீ யாருய்யா திட்டறதுக்கு? உன் மனையும் வேணாம், மண்ணும் வேணாம்!”

மூட்டையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஏகாம்பரம் திரும்பி நடந்தது. ரோஷம் வீடு வரைக்கும்தான் தாங்கியது. மாசிலாமணி புது வளையில் பால் காய்ச்சிய சேதி வந்ததும், “எல்லாம் உன்னாலதான்!” என்று மகளிடம் பேச்சை நிறுத்திவிட்டது. பொற்கொடிக்கும் உள்ளூர பயம். தப்பாகச் சொல்லி அப்பாவின் ஆசையைக் கெடுத்துவிட்டோமோ?

ஐப்பசி பிறந்தது. அடைமழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் விடிந்து பார்த்தால் வட்டத்தாங்கலில் மனையைக் காணோம்! எங்கு பார்த்தாலும் தண்ணீர். நடுவில் மதகுக் கல் மட்டும் தலைநீட்டியது. அதன்மேல் மாசிலாமணி குடும்பம் நடுங்கிக்கொண்டு குந்தியிருந்தது.

பொற்கொடி மேட்டிலிருந்து கத்தியது. “மாமா! மதகு இருந்தா கரை இருக்கும்! தண்ணிக்குள்ள தெரியாது. கல்லுக்கு வலது பக்கமா காலை வெச்சுப் பாருங்க!”

மாசிலாமணி காலை வைத்தது. கரை இருந்தது! ஒன்றன் பின் ஒன்றாக எல்லாம் முழங்கால் தண்ணீரில் நடந்து மேட்டுக்கு வந்துவிட்டன.

ஏகாம்பரம் வளைக்குள் ஓடி நெல்லைத் தொட்டுப் பார்த்தது. காய்ந்த நெல்! சலசலவென்ற நெல்! “அப்பாடா!” என்று அப்படியே உட்கார்ந்துவிட்டது. பிறகு மகளைப் பார்த்து விசும்பியது.

“சோறு வருமான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். இருக்கிற சோறு போகாம காப்பாத்திட்டியேம்மா!”

அன்று அந்த வளையில்தான் மாசிலாமணி குடும்பத்துக்கும் சாப்பாடு. அலமேலுவின் குறட்டை கூட அன்றைக்கு இனிமையாக இருந்தது.

மழை விட்டதும் வளை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. “பொற்கொடி, காக்காமடுவுல இடம் வருது, வாங்கலாமா?” “மடுன்னா பள்ளம். வேண்டாம் அண்ணே!” இடம் பார்த்துச் சொல்ல ஒரு படி நெல். படித்த படிப்புக்கு ஒரு படி! மூட்டை இரண்டாகி, இரண்டு நாலானது.

ஒருநாள் நரியும் வாலைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றது. “தங்கச்சி, புதுசா ஒரு இடம் பார்த்திருக்கேன். பேரு ஓடைக்கால். வியாபாரம் நல்லா ஓடும்னு...”

பொற்கொடி வாயைத் திறப்பதற்குள் ஏகாம்பரம் குறுக்கே வந்து நின்றது.

“முதல்ல மாசிலாமணியோட முள்ளங்கியைத் திருப்பிக் குடு. அப்புறம் ஒரு படி நெல்லை வை. அதுக்கப்புறம்தான் என் பொண்ணு பேசுவா. அவ வரலாறு படிச்சவ!”

நீதி: சம்பாதித்துத் தரும் கல்வி மட்டுமல்ல, இருப்பதைப் பறிகொடுக்காமல் காக்கும் கல்வியும் செல்வமே.