மதகுக்கு மேலே ஒரே வழி

கோடையில் ஏரி வற்றிப்போய், மதகை ஒட்டி மட்டும் கொஞ்சம் தண்ணீர் நின்றது. சுற்றுவட்டாரப் பறவைகள் எல்லாம் அங்கேதான் மீன் பிடித்தன. இருபுறமும் கருவேல மரங்கள் அடர்ந்திருந்ததால், ஏறவும் இறங்கவும் மதகுக்கு மேலே ஒரே வழிதான். காலை வேளையில் அந்த வழி சந்தை போல நெரியும்.

மீன்கொத்தி வல்லிக்குக் கரைப்பொந்தில் மூன்று குஞ்சுகள். விடிந்ததும் விர்ரென்று போவாள், விர்ரென்று வருவாள். வாயே திறக்கமாட்டாள்.

மதகுக் கல்லில் சிறகு காயவைக்கும் நீர்க்காகம் கரியன் ஒருநாள் கேட்டான்: "இத்தனை கூட்டத்தில் பறக்கிறாய். வருகிறேன் என்று ஒரு குரல் கொடுத்தால் என்ன, வல்லி?"

"குரல் கொடுத்தால் மீன் அடியில் போய்விடும், அண்ணே. என் கண் கூர்மையானது."

"முன்னால் இருப்பது தெரியும். முதுகுக்கு மேலே இருப்பது?"

வல்லி விர்ரென்று பறந்துவிட்டாள்.

மறுநாள் காலை அவள் ஒரு கெண்டையைக் கவ்விக்கொண்டு தண்ணீரிலிருந்து எழும்பினாள். அதே நேரத்தில் கூழைக்கடா பெருமடி உயரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அகன்ற அலகுப்பை கீழே இருந்த எல்லாவற்றையும் மறைத்தது. வல்லிக்கு மேலே தெரியவில்லை. பெருமடிக்குக் கீழே தெரியவில்லை. இருவருக்கும் நடுவே ஒரு மூங்கில் உயரம்தான் இருந்தது. அதுவும் குறைந்துகொண்டே வந்தது.

கல்லில் இருந்த கரியன் இருவரையும் பார்த்தான். காலையெல்லாம் முங்கி முங்கிப் பிடித்த ஒரே விரால் அவன் வாயில் இருந்தது. அவன் வாயைத் திறந்தான். விரால் தண்ணீரில் விழுந்து மறைந்தது.

"வல்லி, இடப்பக்கம் ஒதுங்கு! பெருமடி அக்கா, மேலே ஏறுங்கள்!"

வல்லி யோசிக்கவில்லை, திரும்பினாள். ஒரு பெரிய நிழலும் காற்றும் அவளை உரசிக்கொண்டு போயின. வாலில் ஓர் இறகு பிய்ந்து போயிற்று. அவ்வளவுதான்.

அவள் மதகுக் கல்லில் வந்து உட்கார்ந்து, கெண்டையைக் காலடியில் வைத்தாள். பெருமடியும் பக்கத்தில் இறங்கினாள்.

"நீ கீழே இருந்தது எனக்குத் தெரியவே இல்லையம்மா," என்றாள் பெருமடி. "கரியா, ஒரு பாவத்திலிருந்து என்னைக் காப்பாற்றிவிட்டாய். இனி இறங்கும்போதெல்லாம் அலகைத் தட்டிக்கொண்டே இறங்குவேன்."

"நானும் சீட்டி அடித்துக்கொண்டே வருவேன், அக்கா," என்றாள் வல்லி. பிறகு தன் கெண்டையைக் கரியன் முன்னால் தள்ளி வைத்தாள்.

"வேண்டாம். உனக்கு மூன்று குஞ்சு இருக்கிறது," என்றான் கரியன்.

"அந்த மூன்றுக்கும் இன்றைக்கு அம்மா இருக்கிறாள், அண்ணே. சாப்பிடுங்கள்."

அன்று முதல் வல்லியின் சீட்டியைக் கேட்டுச் சில மீன்கள் தப்பத்தான் செய்தன. அவள் அதற்காக வருந்தவில்லை. கரியனைக் கடக்கும்போது மட்டும் சீட்டியைக் கொஞ்சம் நீட்டி அடிப்பாள்.

பலரும் போகிற வழியில் நம் கண்ணை மட்டும் நம்பாமல் நாம் வருவதையும் சொல்ல வேண்டும். நம் கண்ணுக்கு எட்டாததைப் பார்த்துச் சொல்பவரை நன்றியோடு நினைக்க வேண்டும்.