கால் அண்டா வெந்நீர்

ஆப்பிரிக்காவில் பிடித்துக் கப்பலில் கொண்டுவந்து விற்கப்பட்ட அலிமா, ஒரு கடற்கரை அரண்மனையில் தண்ணீர் சுமந்தாள். அங்கே ஆண்களுக்கு ஒரு படி அரிசி, பெண்களுக்கு அரைப்படி. அவளுக்கு மட்டும் கால்படி. மகளுக்குக் கஞ்சி காய்ச்சவே அது போதவில்லை.

"எனக்கு மட்டும் ஏன் ஐயா இவ்வளவு குறைச்சல்?" என்று அரிசி அளக்கும் மணியக்காரர் தாண்டவராயரிடம் கேட்டாள்.

"பெண்ணுக்குப் பாதி. கறுப்பிக்கு அதிலும் பாதி. அரண்மனை அளவு அதுதான்."

"எல்லாத்துக்கும் அதே அளவா ஐயா?"

"எல்லாத்துக்கும்தான், போடி!"

சனிக்கிழமை மன்னர் எண்ணெய் தேய்த்து, தலை நிறைய அரப்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அலசத் தொடங்கியதுமே அண்டா காலி.

"எங்கே வெந்நீர்? கண் எரிகிறதே!"

"கால் அண்டாதான் மகாராஜா. மணியக்காரர் அளவு" என்று அலிமா நடந்ததைச் சொன்னாள்.

பக்கத்தில் நின்ற தாண்டவராயர் பதறினார். "அது அரிசிக்குச் சொன்னது மகாராஜா!"

"அப்போ சுமக்கும்போது முழு ஆள், சாப்பிடும்போது மட்டும் கால் ஆளா?" என்று அலிமா கேட்டாள்.

இதென்ன கணக்கு என்று மன்னருக்கே வியப்பாக இருந்தது. ஆனாலும் எரிச்சல் விடவில்லை. "வேறு ஆளை அனுப்பு!"

"தண்ணீர் சுமக்கிறது எல்லாம் பெண்கள்தான் மகாராஜா. அவங்க அரை ஆளு. அரை அண்டாதான் வரும்" என்றாள் அலிமா.

அரப்பு கண்ணுக்குள் இறங்கியது. "எல்லாருக்கும் முழுப்படி அளந்துவிட்டு ஓடிவா, தாண்டவராயா!"

பெண்கள் நிதானமாக வந்து வரிசையில் நின்றார்கள். அலிமா முந்தானையை விரித்தாள்.

"தலைதட்டாம, குவிச்சு அளங்க ஐயா. மகாராஜா காத்திருக்காரு."