பெஞ்சில் இருந்தவரும் போஸ்டரில் இருந்தவரும்

துறையூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெசிந்தா டீச்சருக்கு ஒரு போட்டோ கடை உண்டு. முன்பு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தியதால் டீச்சர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த பொன்முடி அவரைவிட மூத்தவர், அதுவரை ஃபிளெக்ஸ் பேனர் போட்டுக்கொண்டிருந்தவர். அவர் கை பட்டால் வார்டு கவுன்சிலருக்கும் மந்திரிக் களை வந்துவிடும். அந்த மிதப்பும் மனிதருக்குக் கொஞ்சம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

வந்த அன்றே கேட்டார்.

"டீச்சர், ஒரு படத்து மேல இன்னொரு படத்தை வச்சா, ரெண்டும் எப்படிக் கலக்கணும்னு கம்ப்யூட்டர்ல வரிசையாப் போட்டிருக்கு. நார்மல், மல்டிப்ளை, ஸ்கிரீன்னு. நான் இத்தனை வருஷத்துல நார்மலைத் தவிர எதையும் தொட்டதில்ல. மேல வைக்கிறது தெரியும், கீழ இருக்கிறது மறையும். அது போதாதா?"

"வேலை வரட்டும்ணே," என்றார் டீச்சர்.

வேலை வந்தது. டீச்சர் பேப்பர் வாங்கத் திருச்சிக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து வந்தது.

அமிர்தவல்லி என்ற பெண் மூச்சு வாங்க வந்து நின்றாள். அவள் அப்பா காத்தமுத்துவை முந்தின நாளிலிருந்து காணவில்லை. மறதிக்காரர், தன் பெயரே பாதி நேரம் நினைவிருக்காது. சர்க்கரைக்குத் தினமும் ஊசி போட்டாக வேண்டும், விட்டால் எங்கேயாவது சுருண்டு விழுந்துவிடுவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உடனே போஸ்டர் வேண்டும் என்றாள். கையிலிருந்த ஒரே படம், ஜன்னலுக்கு முன்னால் உட்கார வைத்துச் செல்போனில் எடுத்தது. ஜன்னல் பளிச்சென்று இருந்தது. முகம் ஒரே இருட்டு.

பொன்முடி பாவம், நல்லது செய்யத்தான் நினைத்தார். பேனரில் செய்து பழகியதையெல்லாம் செய்தார். இருட்டு முகத்தின் மேல் வெளிச்சமான கன்னத்தை வைத்தார். சுருக்கத்தைத் தேய்த்தார். மூக்கோரம் கறுப்பாக ஏதோ தெரிந்தது, அழுக்கென்று அழித்தார். வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டு, பின்னால் நீல வானத்தை விரித்தார். அமிர்தவல்லி அதைப் பார்த்து, எங்கப்பா இவ்வளவு அழகா என்று அழுதாள். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் ஒட்டியாயிற்று.

மறுநாள் அவள் ஒரு கைத்தடியோடு வந்தாள். டீச்சரும் திரும்பியிருந்தார். தடியின் பிடியில் சிவப்புச் சேலைக் கரை சுற்றியிருந்தது. அப்பாவுக்குக் கை வழுக்கக் கூடாதென்று அவளே சுற்றிக் கொடுத்தது.

பெரம்பலூர் ரோட்டு டீக்கடை பெஞ்சில் கிடந்ததாம். காலையில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். கடைக்காரர் இரக்கப்பட்டு டீ கொடுத்திருக்கிறார். பெரியவரின் தலைக்கு மேலேயே போஸ்டர். அவரே அதை எழுத்துக்கூட்டிப் படித்து, யாரு பெத்த புள்ளையோ என்று உச்சுக்கொட்டியிருக்கிறார். பிறகு தடியை மறந்துவிட்டு எழுந்து போயிருக்கிறார். எந்தப் பக்கம் போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"போஸ்டரைக் காட்டி, இவருதான் எங்கப்பான்னு சொல்றேன்," என்றாள் அமிர்தவல்லி. "கடைக்காரரு, 'இவரு இல்லம்மா, இங்க இருந்தவரு வேற'ங்கிறாரு."

பொன்முடி கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்து டீச்சருக்கு இடம் விட்டார்.

டீச்சர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் பொன்முடிக்கு இன்னும் பயமாக இருந்தது. பொன்முடி மேலே மேலே அடுக்கி வைத்திருந்ததை டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்தார். வானம் போயிற்று, சட்டை போயிற்று, கன்னம் போயிற்று. கடைசியில் பழைய இருட்டு முகம் மட்டும் நின்றது. அதையே ஒரு பிரதி எடுத்து, அதன் மேலேயே வைத்தார். ஒன்றும் மாறவில்லை. நார்மல் என்றிருந்ததை ஸ்கிரீன் என்று மாற்றினார்.

இருட்டு கொஞ்சம் விலகியது. இன்னொரு பிரதி வைத்தார், இன்னும் விலகியது. ஒட்டிய கன்னம் தெரிந்தது. பூ விழுந்த ஒரு கண், நரைத்த முள்தாடி, மூக்கோரம் ஒரு மரு. படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கிளம்பியிருந்தது. ஜன்னல் வெளுத்து வெறும் வெள்ளையாகிவிட்டது.

"டீச்சர், ஜன்னல் போச்சே."

"ஜன்னலையாண்ணே தேடுறோம்?"

அமிர்தவல்லி திரையிலிருந்த மருவை விரலால் தொட்டாள். "அப்பா," என்றாள்.

பிரிண்ட் சூடு ஆறுவதற்குள் பொன்முடியே பசை வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். டீக்கடைச் சுவரில் பழையதன் மேல் புதியதை ஒட்டும்போதே, அட இவருதான் என்றார் கடைக்காரர். பொன்முடிக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இல்லை. ஊசி போடாத உடம்பு எங்கே கிடக்கிறதோ என்று அடுத்த சுவருக்கு ஓடினார். வெயில் ஏறிக்கொண்டே போயிற்று.

மத்தியானம், புதுப் போஸ்டரைப் பார்த்திருந்த ஒரு பஸ் கண்டக்டர் போன் செய்தார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் தண்ணீர்த் தொட்டியோரம் ஒருவர் நினைவில்லாமல் கிடக்கிறார், மூக்கில் மரு இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், மகளைப் பார்த்துவிட்டு மேலே சொல்லவில்லை.

உடம்பு தேறியதும் அமிர்தவல்லி அப்பாவைக் கடைக்குக் கூட்டிவந்தாள். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே பொன்முடிக்குக் கூச்சமாக இருந்தது. டீச்சர் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

"அதே படத்தைத்தானே அது மேல வச்சீங்க. வெளிச்சம் எங்கேருந்து டீச்சர் வந்துச்சு?"

"புதுசா எதுவும் வரலைண்ணே. அந்த இருட்டுக்குள்ள அவரு இருந்தாரு."

மேசையோரம் முதல் போஸ்டர் ஒன்று மிச்சம் கிடந்தது. காத்தமுத்து அதை எடுத்து விரித்தார். வெள்ளைச் சட்டையையும் நீல வானத்தையும் வெகுநேரம் பார்த்தார். அவருக்கு மனசு கேட்கவில்லை போல, பொன்முடியின் கையைப் பிடித்துக்கொண்டு விசாரித்தார்.

"இந்தப் பெரியவரு வீடு வந்து சேர்ந்துட்டாரா தம்பி?"

டீச்சர்தான் பதில் சொன்னார்.

"அவரைத் தேடி யாரும் வரலைங்கய்யா."