தலைப்பாகைப் பெட்டியின் உயரம்

வல்லாறு கடலைத் தொடும் நாட்டை ரொம்பக் காலத்துக்கு முன்னால் கேதுவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். கெட்டவன் இல்லை. காலையில் ஓர் ஆசை வந்தால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும், அவ்வளவுதான். அந்த வருஷம் அவனுக்கு மயில் ஆசை. ஆயிரம் மயில்களைப் பிடித்து வந்து நந்தவனத்தில் விட்டான். ஆயிரம் மயில்களும் நெல் தின்றன.

அரண்மனைக் களஞ்சியம் பாதி காலியானபோது அதிரூபன் சபையில் எழுந்தான். ராஜாவுக்கு நெருக்கமானவன். நாளுக்கொன்றாகக் கட்ட அவனிடம் பன்னிரண்டு சரிகைத் தலைப்பாகைகள் இருந்தன.

"அரசே, கீழக்கரையில் வெள்ளநெல் பதினோரு வருஷமாகச் சும்மா கிடக்கிறது. புழுத்துப்போவதற்குப் பதில் மயிலாவது தின்னட்டும்."

வெள்ளநெல் என்பது கீழக்கரையின் நாற்பது வீடுகளும் அறுவடைக்கு ஒரு மரக்கால் வீதம் அளந்து, மேட்டிலிருந்த பொதுக் களஞ்சியத்தில் போட்டுவைத்த நெல். ஆறு வந்து ஒரு வீட்டைக் கொண்டுபோனால் அதை விற்று மூங்கிலும் பனஞ்சட்டமும் வாங்குவார்கள். அடுத்த அறுவடை வரை அந்த வீட்டுக்குச் சோறும் அதிலிருந்துதான். ராஜாவின் பாட்டனார் போட்ட ஏற்பாடு அது.

சேதி கேட்டு அந்த ஊரிலிருந்து கோரைப்பாய் நெய்யும் குருவாயி சபைக்கு வந்தாள். ஆற்றை ஒட்டிய முதல் வீடு அவளுடையது.

"மகாராஜா, களஞ்சியத்தைத் திறக்காதீங்க. ஆறு சிவந்து போச்சு. மேல மழை பிடிச்சிருக்கு, மேற்கு மலை மூணு நாளா கண்ணுக்குத் தெரியல."

"மலை தெரியவில்லை என்றால் கண்ணைக் காட்டு, வைத்தியரிடம்" என்றான் அதிரூபன். சபை சிரித்தது.

ராஜா மோவாயைத் தடவினான். "தண்ணீர் வராது என்கிறான் இவன். வரும் என்கிறாய் நீ. மூன்று நாள் தருகிறேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் எனக்கு வெள்ளத்தைக் காட்டு. காட்டாவிட்டால் நெல் மயிலுக்கு."

குருவாயி அதிரூபனின் தலைப்பாகையைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கலாங்களா? இந்த அய்யாவோட தலைப்பாகைப் பெட்டி மூணு நாள் என் வீட்ல இருக்கட்டும். காவலுக்கு அவங்க ஆளே வரட்டும்."

"எதற்கு?"

"தண்ணி வராதுன்னு அய்யாவே சொல்றாங்க. அந்தப் பெட்டி பக்கத்துல இருந்தா எனக்கும் தைரியமா இருக்கும்."

ராஜாவுக்கு இது பிடித்துவிட்டது. அதிரூபனால் மறுக்க முடியவில்லை. அன்றைக்கே பெட்டி வண்டியேறியது.

முதல் நாள் அது குருவாயி வீட்டுத் தரையில் இருந்தது. இரண்டாம் நாள் காலையில் அதிரூபனின் ஆட்கள் நான்கு பனந்தூண்களோடு வந்தார்கள். வீட்டுக்குள் ஆழமாகக் குழி தோண்டித் தூண் நட்டு, மேலே அகலமாகப் பலகை அடித்து, பெட்டியைத் தூக்கி வைத்தார்கள். மத்தியானம் அதிரூபனே வந்தான். பலகைக்குப் பக்கத்தில் நின்று தன் மார்பில் கை வைத்து உயரம் பார்த்தான்.

"இன்னும் ஒரு சாண் ஏற்றுங்கள்."

"எதுக்கு அய்யா?" என்றாள் குருவாயி.

"கறையான்."

"கறையானுக்கு ஒரு முழம் போதுமே."

"எலி."

"எலி தூண்ல ஏறுமே அய்யா."

அதிரூபன் வாசலுக்குப் போய் மேற்கே பார்த்தான். அங்கே மலை இல்லை. சாம்பல் நிறம்தான் இருந்தது.

மூன்றாம் நாள் ராஜா குதிரையில் வந்து இறங்கினான்.

"வெள்ளம் எங்கே?"

குருவாயி அவனை வாசல் தூணுக்குக் கூட்டிப்போனாள். பழைய பனந்தூண். மார்பு உயரத்தில் மங்கலாக ஒரு சேற்றுக்கறை சுற்றி ஓடியது.

"பதினோரு வருஷத்துக்கு முந்தி சுவரெல்லாம் கரைஞ்சு போச்சு, மகாராஜா. இந்தத் தூண்தான் நின்னுச்சு. அன்னிக்கு வெள்ளநெல் அளந்து குடுக்க வந்தது இந்த அய்யாதான். கறையை அவங்களும் பார்த்தாங்க." பிறகு உள்ளே கையைக் காட்டினாள். "இப்ப அவங்க பெட்டியைப் பாருங்க."

ராஜா கறையைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். கறைக்குச் சரியாக ஒரு சாண் மேலே இருந்தது பலகை.

"அதிரூபா, வாய் வராது என்றது. கை வரும் என்று அளந்திருக்கிறதே."

அதிரூபன் தலைப்பாகையைச் சரிசெய்தான். அது சரியாகத்தான் இருந்தது.

ராஜா சிரிக்க ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான். ஆற்றின் சத்தம் அங்கே நன்றாகக் கேட்டது.

"களஞ்சியம் பூட்டியே இருக்கட்டும். மயில்களைத் திறந்துவிடுங்கள், காட்டில் பிழைத்தவைதானே. இவன் பெட்டி வருஷா வருஷம் புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரை இந்த ஊரில்தான் இருக்க வேண்டும். எவ்வளவு உயரத்தில் வைக்கிறானோ, அதை எனக்குச் சொல்லி அனுப்புங்கள்." கையிலிருந்த வளையைக் கழற்றி நீட்டினான். "உனக்கு, அம்மா."

"வளை வேணாம் மகாராஜா. அந்தப் பலகையைப் பிரிக்காம விட்டுட்டுப் போகச் சொல்லுங்க."

ஐந்தாம் நாள் காலையில் தண்ணீர் வந்தது. ஓட முடிந்தவர்கள் களஞ்சிய மேட்டுக்கு ஓடினார்கள். முடியாதவர்கள் ஒன்பது பேர் குருவாயி வீட்டுப் பலகையில் ஏறினார்கள், பாதிப் பேர் குழந்தைகள். மத்தியானத்துக்குள் சுவர் கரைந்து விழுந்தது. தூண்கள் நின்றன. குருவாயி பெட்டியைத் திறந்து சரிகைத் துணிகளை உருவி, சின்னப் பிள்ளைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பலகையோடு கட்டினாள். பிறகு பலகையிலிருந்து தண்ணீர் வரை விரலால் அளந்துகொண்டே இருந்தாள். ஒரு சாண். அரைச் சாண். நான்கு விரல்.

நான்கு விரலில் நின்றது.

தண்ணீர் வடிந்ததும் களஞ்சியத்தைத் திறந்தார்கள். நாற்பது வீட்டுக்கும் நெல் போதுமா என்று யாருக்கும் தெரியவில்லை. மூங்கில் ஏற்றிய வண்டியை ஓட்டிக்கொண்டு முதலில் வந்தவன் அதிரூபன். தலையில் ஒன்றும் இல்லை. பலகைக்குக் கீழே போய் நின்று, புதுக் கறைக்கும் பலகைக்கும் நடுவே விரல்களை வைத்துப் பார்த்தான்.

"அடுத்த தடவை இன்னும் ஒரு சாண் ஏற்ற வேண்டும்" என்றான், மெதுவாக.

"ஏத்துங்க அய்யா" என்றாள் குருவாயி. அவள் அவனைப் பார்க்கவில்லை. மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். மலை இன்னும் தெரியவில்லை.